கணவர் லெஸ்டர்வாசி ஆகிவிட்டால் பொள்ளாச்சி நிக்காஹ் என்ன ஆகும்?

பொள்ளாச்சிப் பக்கமிருந்து ஒரு சகோதரி வக்கீலான எனக்கு ஏழு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றி, கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

"எனக்கு 35 வயது. ராவுத்தர் குடும்பம். அத்தா (அப்பா) கொப்பரைக் களம் வைத்திருந்தார். 2012-ல் பொள்ளாச்சியில் நிக்காஹ் நடந்தது. மாப்பிள்ளை கோவைக்காரர், திருப்பூரில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். எனக்கு 40 பவுன் போட்டார்கள். மஹர் (மாப்பிள்ளை பெண்ணுக்குத் தரவேண்டிய மணக்கொடை) 7 பவுன், 'பிறகு' என்று தப்தரில் (நிக்காஹ் பதிவேட்டில்) எழுதினார்கள், இன்றுவரை வரவில்லை. 2014-ல் மகள் பிறந்தாள். 2017-ல் அவர் இங்கிலாந்தில் லெஸ்டர் ஊருக்கு வேலைக்குப் போனார். அடுத்த வருடம் நானும் மகளும் போய்ச் சேர்ந்தோம். 2021-ல் அத்தாவுக்குப் பக்கவாதம் வந்தது. 'போய் இருந்து பாத்துக்க' என்று அவரே டிக்கெட் போட்டு அனுப்பினார். அத்தா 2023-ல் மௌத்தானார் (காலமானார்). அதற்கு அவர் வரவில்லை. கொஞ்ச நாளில் அங்கே அவருக்கு நிரந்தரக் குடியுரிமை கிடைத்தது. அதிலிருந்து பேச்சே மாறிவிட்டது. ஒன்றேகால் வருடமாகப் பணமும் அனுப்புவதில்லை.

இப்போது மாதம் ஒன்றாக மூன்று மின்னஞ்சலில் தலாக் எழுதி அனுப்பியிருக்கிறார். 'நான் இப்ப பிரிட்டிஷ் டொமிசில். பொண்டாட்டியோட டொமிசில் புருசனோடதுதான். கேஸ் போடறதுன்னா லண்டன்ல போடு, இந்தியச் சட்டம் என்னைக் கட்டாது' என்கிறார். அவருடைய முஹல்லா ஜமாஅத்தில் (பள்ளிவாசல் வட்டார நிர்வாகத்தில்) கூப்பிட்டு, தலாக் ஆனதாகத் தப்தரில் கையெழுத்துக் கேட்டார்கள். போடாமல் வந்துவிட்டேன். கோவையில் வேறு பெண் பார்க்கிறார்கள் என்றும் காதில் விழுகிறது. மகளை அழைத்துக்கொள்வேன் என்று மிரட்டுகிறார்.

என் டொமிசில் இந்தியாதான் என்று நிரூபிக்க இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து இருப்பிடச் சான்று வாங்கி, லேமினேட் செய்து வைத்திருக்கிறேன். இது போதுமா? மாமா மகன் 'முத்தலாக் கேஸ் குடு, மூணு வருசம் உள்ள போடுவாங்க' என்கிறான். இதற்கு நடுவில் அத்தாவின் நாலு ஏக்கர் தென்னந்தோப்பில் எனக்குப் பங்கு இல்லை என்கிறார்கள் அண்ணன்மார் இரண்டு பேரும். வெளிநாட்டில் குடியேறியவள், விவசாய நிலத்துக்கு ஷரீஅத் பங்கு கிடையாது, 40 பவுன் போட்டாயிற்று என்று மூன்று காரணம் சொல்கிறார்கள். பக்கத்து வீட்டு அக்கா, 1989 சட்டப்படி ஆணுக்குச் சமமாகவே கேள் என்கிறார். எனக்கு எதுவும் புரியவில்லை."

அன்புள்ள சகோதரிக்கு,

தப்தரில் கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்தீர்களே, இந்த ஏழு பக்கத்திலும் நல்ல காரியம் அதுதான். மற்றதை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

உங்கள் கணவர் 'டொமிசில்' என்ற ஒரு வார்த்தையை வைத்து உங்களைப் பயமுறுத்துகிறார். அந்த வார்த்தை அவர் நினைக்கிற வேலையைச் செய்யாது. சில இடங்களில் அவருக்கு எதிராகவே திரும்பும்.

டொமிசில் என்பது முகவரி அல்ல

முதலில் அந்த லேமினேட் செய்த சான்றிதழ். அதைப் பத்திரமாக வையுங்கள், மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் உதவும். நீதிமன்றத்தில் 'டொமிசில்' என்று பேசுவது வேறு சங்கதி. தாசில்தார் தருவது நீங்கள் இன்ன கிராமத்தில் குடியிருக்கிறீர்கள் என்பதற்கான காகிதம். சட்டம் கேட்கும் டொமிசில், ஒருவர் எந்த நாட்டைத் தன் நிலையான ஊராகக் கொண்டிருக்கிறார் என்பது. தமிழ்நாட்டு டொமிசில், கேரள டொமிசில் என்று தனித்தனியாக எதுவும் இல்லை, இந்தியா முழுவதற்கும் ஒரே டொமிசில்தான் என்று 1984-ல் பிரதீப் ஜெயின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

ஒவ்வொருவருக்கும் பிறக்கும்போதே ஒரு டொமிசில் ஒட்டிக்கொள்கிறது. பொதுவாக அது தகப்பனுடையது. அதைக் கழற்றிவிட்டு வேறொன்றை எடுக்க இரண்டு வேண்டும்: புது நாட்டில் குடியிருப்பு, இனி இதுதான் என் ஊர், திரும்பிப் போவதில்லை என்ற உறுதியான எண்ணம். ஒன்று இருந்து மற்றது இல்லாவிட்டால் பழைய டொமிசில்தான் தொடரும். விசா முத்திரையோ, நிரந்தரமாகத் தங்கும் அனுமதியோ தானாக டொமிசிலை மாற்றாது. உங்கள் கடிதத்தில் 'நிரந்தரக் குடியுரிமை' என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அவருக்குக் கிடைத்திருப்பது தங்கும் அனுமதி மட்டும்தான். கையில் இன்னும் இந்தியப் பாஸ்போர்ட் இருந்தால் அவர் இந்தியக் குடிமகன். டொமிசில் இந்த இரண்டிலிருந்தும் வேறான மூன்றாவது விஷயம்.

இதில் இங்கிலாந்துச் சட்டம் நம்முடையதைவிடக் கறார். 1930-ல், அப்போது அந்நாட்டின் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை தீர்த்த ஒரு வழக்கு. ஜார்ஜ் போவி கிளாஸ்கோவில் பிறந்தவர். லிவர்பூலுக்கு வந்து 36 வருடம் அங்கேயே இருந்தார், அங்கேயே செத்தார். தாயின் இறுதிச் சடங்குக்குக்கூட கிளாஸ்கோ போக மறுத்தவர். இருந்தும், அவர் இங்கிலாந்தைத் தன் ஊராகத் தேர்ந்தெடுத்தார் என்பதற்கு ஆதாரம் போதாது, ஸ்காட்லாந்து டொமிசில்தான் தொடர்கிறது என்று தீர்ப்பானது. 36 வருடத்துக்கே இந்தக் கதி என்றால், 2017-ல் விமானம் ஏறியவர் மின்னஞ்சலில் ஒரு வரி எழுதி டொமிசில் மாற்றிவிட முடியாது.

எண்ணத்துக்கு ஆதாரம் எங்கே கிடைக்கும்? அன்றாட வாழ்க்கையில்தான். சுந்தராபுரம் பக்கம் 2022-ல் மனை வாங்கினார் என்று ஒரு வரியில் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டீர்கள். 'பாப்பா பத்தாவது வரும்போது ஊருக்கே வந்துடலாம்' என்று வாட்ஸாப்பில் அவர் அனுப்பியதும் அப்படித்தான், போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு இந்த இரண்டும் தங்கம். அவருடைய முஹல்லாவில் அவர் பெயருக்குத் தலைக்கட்டுச் சந்தா (குடும்பக் கணக்கில் ஜமாஅத்துக்குக் கட்டுவது) இன்னும் கட்டப்படுகிறதா என்று விசாரியுங்கள். சந்தா கட்டுகிறவர் நிக்காஹுக்கும் கபர்ஸ்தானுக்கும் இந்த ஊரையே நம்பியிருக்கிறார் என்று வாதாட இடம் உண்டு. இன்னொன்று. வெளிநாட்டை நிலையான ஊராகக் கொண்டவர்களுக்கு பிரிட்டனில் 2025 ஏப்ரல் வரை தனி வரிச் சலுகை இருந்தது. அதை அனுபவிக்க வரி அலுவலகத்தில் 'என் டொமிசில் இந்தியா' என்று எழுதிக்கொடுத்துவிட்டு, வீட்டில் பெண்டாட்டியிடம் 'நான் பிரிட்டிஷ்' என்று சொல்கிறவர்கள் உண்டு. உங்கள் கணவர் அப்படிச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. வழக்கு என்று வந்தால் கேட்கவேண்டிய கேள்வி.

சரி, ஒரு பேச்சுக்கு அவர் டொமிசில் மாறியே விட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் இங்கே உங்கள் உரிமை கரைந்துபோகாது. 1937-ம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் திருமணம், தலாக், ஜீவனாம்சம், மஹர், வாரிசுரிமை எல்லாவற்றுக்கும் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: இரு தரப்பும் முஸ்லிம்களா? எந்த நாட்டு டொமிசில் என்று அந்தப் பிரிவு கேட்பதில்லை. நம் நாட்டில் குடும்பச் சட்டம் ஆளின் மதத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. இங்கிலாந்தில் அது டொமிசிலையும் குடியிருப்பையும் பிடித்துக்கொண்டு நிற்கிறது. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பித்தான் உங்களைக் கலங்கடித்திருக்கிறார்.

'பொண்டாட்டியோட டொமிசில் புருசனோடது' என்பது பழைய ஆங்கிலச் சட்டம். அந்த இங்கிலாந்தே அதை 1974 ஜனவரி முதல் தேதியோடு தூக்கிப் போட்டுவிட்டது. நம் 1925-ம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்தில் அது இன்னும் உட்கார்ந்திருக்கிறது, ஆனால் அந்தப் பகுதி முஸ்லிம்களுக்குப் பொருந்தாது என்று அதே சட்டத்தின் 4-ம் பிரிவு சொல்கிறது.

மூன்று மின்னஞ்சல்கள்

மாமா மகன் சொல்லும் 2019-ம் ஆண்டுச் சட்டம், ஒரே மூச்சில் சொல்லித் திரும்பப் பெற முடியாதபடி முறிக்கிற உடனடித் தலாக்குக்கு. வாயால் சொன்னாலும் வாட்ஸாப்பில் அனுப்பினாலும் அது செல்லாது, மூன்று ஆண்டு வரை சிறை. உங்களுக்கு வந்திருப்பது மாதத்துக்கு ஒன்று. தலாக்-ஏ-ஹசன் என்ற முறையைப் பின்பற்றியதாகக் காட்டிக்கொள்கிறார். யாரோ கூட இருந்து சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. இதற்கு முத்தலாக் புகார் கொடுத்தால் நிற்காது. உங்கள் மற்ற வழக்குகளின் நம்பகத்தன்மையும் அதோடு சேர்ந்து அடிபடும். அந்த வழிக்குப் போகாதீர்கள்.

அதற்காக அந்த மூன்று மின்னஞ்சலோடு தலாக் முடிந்தது என்றும் அர்த்தமில்லை. 2002-ல் ஷமீம் ஆரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: தலாக்குக்கு நியாயமான காரணம் இருக்கவேண்டும், அதற்கு முன் இரு தரப்பிலிருந்தும் ஒவ்வொருவர் உட்கார்ந்து சமரச முயற்சி நடந்திருக்க வேண்டும், சொன்னதை நிரூபிக்கவும் வேண்டும். உங்கள் அண்ணன்மாரையோ மாமாவையோ யாராவது கூப்பிட்டுப் பேசினார்களா? கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. 2024 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தீர்த்த வழக்கு உங்களுடையதற்கு இன்னும் நெருக்கம். அங்கேயும் கணவர் தலாக் சொல்லிவிட்டதாக ஒரு ஷரீஅத் கவுன்சிலின் சான்றிதழைக் காட்டினார், மனைவி மறுத்தார். மனைவி மறுத்தால் கணவர்தான் நீதிமன்றம் போய் தலாக் செல்லும் என்று தீர்ப்பு வாங்கிவர வேண்டும், அதுவரை திருமணம் நீடிக்கிறது என்றது நீதிமன்றம்.

ஆகவே இன்றைய தேதியில் நீங்கள் மனைவிதான். "இந்தத் தலாக்கை நான் ஏற்கவில்லை, சமரச முயற்சியே நடக்கவில்லை" என்று ஒரு வக்கீல் நோட்டீஸ் இந்த வாரமே போகட்டும். இத்தா (மணமுறிவுக்குப் பின் பெண் காத்திருக்கவேண்டிய காலம்) எப்போது ஆரம்பம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். அது மார்க்கக் கேள்வி, நீங்கள் நம்பும் ஒரு ஆலிமிடம் (மார்க்க அறிஞரிடம்) கேளுங்கள். வக்கீலாக நான் சொல்வது ஒன்றுதான்: தலாக் ஆகிவிட்டது என்று எங்கேயும் எழுத்தில் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஜமாஅத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர்களை எதிரியாக்க வேண்டாம். நிக்காஹ் தப்தரின் நகல் அவர்களிடமிருந்துதான் வரவேண்டும், மஹர் 7 பவுன் பாக்கி என்பதற்கு அந்தப் பக்கம்தான் சாட்சி. சமரசத்துக்கு உட்கார வைக்கவும் அவர்களால் முடியும், அது அவர்களின் நல்ல வேலை. தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் மட்டும் கிடையாது. 1880-ம் ஆண்டின் காஜிகள் சட்டமே காஜிக்கு நீதிபதி அதிகாரம் இல்லை என்கிறது. காஜிகள் தரும் தலாக் சான்றிதழ் சட்டப்படி செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2017 ஜனவரியில் உத்தரவிட்டது. நீங்கள் 'குலா' (மனைவி கேட்டுப் பெறும் மணமுறிவு) வாங்கிக்கொள்ளலாமா என்று யோசித்தாலும் இதே கதைதான். ஜமாஅத் தரும் குலா சான்றிதழ் போதாது, குடும்ப நீதிமன்றம்தான் போகவேண்டும் என்று 2023-ல் அதே நீதிமன்றம் சொன்னது. அப்புறம், குலா என்றால் பெரும்பாலும் மஹரை விட்டுக்கொடுத்துத்தான் வெளியே வரவேண்டியிருக்கும். முறிக்க நினைப்பவர் அவர். 7 பவுனை நீங்கள் ஏன் விடவேண்டும்?

இனி அவருடைய வாதத்தை அவருக்கே திருப்பிப் பார்ப்போம். பிரிட்டனில் இருந்துகொண்டு ஒருவர் சொல்லும் தலாக்கை பிரிட்டன் ஒப்புக்கொள்ளாது. 1986-ம் ஆண்டின் அந்நாட்டுக் குடும்பச் சட்டப்படி, அங்கே பெறும் விவாகரத்தை சிவில் நீதிமன்றம்தான் தரமுடியும். லெஸ்டரில் உட்கார்ந்து தட்டிய மின்னஞ்சல் லெஸ்டரிலேயே செல்லாது! இன்னும் கேளுங்கள். இங்கிலாந்து டொமிசில் உள்ள ஒருவர், ஒரு மனைவி இருக்கும்போதே வெளிநாட்டில் இன்னொருத்தியைக் கட்டினால், 1973-ம் ஆண்டின் திருமண வழக்குச் சட்டத்தின் 11-ம் பிரிவுப்படி அந்த இரண்டாம் திருமணம் இங்கிலாந்தில் செல்லாது. அவர் சொல்வது உண்மையானால், கோவையில் பார்க்கிற அந்தப் பெண்ணுக்கு லெஸ்டரில் மனைவி என்ற அந்தஸ்தே இருக்காது. அந்தப் பெண்ணைப் பெற்றவர்களுக்கு இது தெரியுமா என்று நான் யோசிக்கிறேன். இந்தியச் சட்டப்படி அந்த இரண்டாம் திருமணத்தை உங்களால் நேரடியாகத் தடுக்க முடியாது, அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் நான் மேலே சொன்ன மதுரை வழக்கில், முதல் மனைவிக்கு அது மனக்கொடுமை என்று கொண்டு இழப்பீடு கொடுக்கச் சொன்னார்கள்.

வழக்கை எங்கே போடுவது?

உங்கள் ஊரில். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 2005 எந்த மதத்தவருக்கும் பொருந்தும். நீங்கள் இப்போது வசிக்கும் இடத்தின் நீதித்துறை நடுவரிடமே மனு கொடுக்கலாம். ஜீவனாம்சம், உங்கள் 40 பவுன் உட்பட உங்களுக்குச் சேரவேண்டிய பொருள்கள், இழப்பீடு எல்லாம் அதிலேயே கேட்கலாம். முக்கியமாக, சொத்தை விற்காமல் தடுக்கும் உத்தரவும் கேட்கலாம். லெஸ்டரில் இருப்பவரின் சம்பளத்தை இங்கிருந்து பிடிப்பது பெரும் பாடு. சுந்தராபுரம் மனை எங்கேயும் ஓடாது. இன்றே அதற்கு ஈசி (வில்லங்கச் சான்று) போட்டுப் பாருங்கள். அவர் தம்பிக்குப் பவர் எழுதிக் கொடுத்திருந்தால் அவசரம் இரட்டிப்பு.

தனியாக, முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ம் பிரிவு என்று சொன்னோமே, இப்போது அதன் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ம் பிரிவு, அதன்படியும் உங்களுக்கும் மகளுக்கும் ஜீவனாம்சம் கேட்கலாம். நாளைக்கே தலாக் செல்லும் என்று தீர்ப்பானாலும் அந்த வழி மூடாது. விவாகரத்தான முஸ்லிம் பெண்ணுக்கும் அது உண்டு என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இத்தா காலத்துக்கு மட்டும்தான் கொடுக்கவேண்டும் என்று யாராவது சொன்னால், 2001-ன் டேனியல் லத்தீஃபி தீர்ப்பைக் காட்டுங்கள். எதிர்காலம் முழுமைக்கும் நியாயமான ஏற்பாட்டை இத்தா முடிவதற்குள் செய்துகொடுக்க வேண்டும் என்பதே அதன் சாரம்.

நீங்களே பிரிய விரும்பினால் 1939-ம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் இருக்கிறது. ஆனால் உங்கள் கணக்கில் ஒரு திருத்தம். பணம் அனுப்பாதது போதுமான காரணம் என்று நினைக்கிறீர்கள், அதற்கு இரண்டு ஆண்டு ஆகியிருக்க வேண்டும். உங்களுக்கு ஒன்றேகால்தான் ஆகிறது. மூன்று ஆண்டாகச் சேர்ந்து வாழவில்லை என்பதும் பலவீனம், ஏனென்றால் அத்தாவைப் பார்க்க அவர் சம்மதத்தோடுதான் வந்தீர்கள். கொடுமை என்ற காரணம் இன்றே கைவசம் இருக்கிறது. இந்த வழியில் போனால் மஹர் உரிமை போகாது, அந்தச் சட்டத்தின் 5-ம் பிரிவே அப்படிச் சொல்கிறது. அவசரம் இல்லையென்றால் முதலில் ஜீவனாம்சம், பிறகு முறிவு என்றுதான் நான் போவேன்.

நான் உண்மையில் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. தலாக் எடுபடவில்லை என்று தெரிந்ததும் அவர் இங்கிலாந்து நீதிமன்றத்திலேயே விவாகரத்துக்கு விண்ணப்பிக்கலாம். அங்கே குடியிருப்பவர் என்ற முறையில் அந்த உரிமை அவருக்கு உண்டு. 2022 ஏப்ரல் முதல் அங்கே காரணமே சொல்ல வேண்டியதில்லை, குறைந்தது 26 வாரத்தில் முடியும். அந்தக் காகிதம் உங்கள் மின்னஞ்சலுக்கே வரலாம். 'இங்கிலீஷ்ல ஏதோ வந்துச்சு' என்று விட்டுவிடவும் கூடாது, 'சம்மதம்' என்ற கட்டத்தில் டிக் போட்டு அனுப்பவும் கூடாது. 1991-ல் நரசிம்ம ராவ் வழக்கில், திருப்பதியில் கல்யாணம் செய்த ஒருவர் அமெரிக்காவின் மிசௌரியில் வாங்கிவந்த விவாகரத்தை நம் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. மனைவி தானாக அந்த நீதிமன்றத்துக்கு உட்பட்டு வழக்காடினாலோ, சம்மதித்தாலோ நிலைமை வேறு என்றும் சொன்னது. அது இந்துத் தம்பதியின் வழக்கு. ஆனால் வெளிநாட்டுத் தீர்ப்பை எடைபோடும் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 13-ம் பிரிவு மதம் பார்ப்பதில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அங்கே அவர் பெயரில் வீடு, ஓய்வூதிய நிதி என்று கனமாக ஏதாவது இருந்தால், அந்த நாட்டு நீதிமன்றம் மனைவிக்குப் பிரித்துத் தருவது இங்கே கிடைப்பதைவிடப் பல மடங்காக இருக்கக்கூடும். எந்த ஊரில் சண்டை போட்டால் லாபம் என்பது கணக்குப் போட்டுப் பார்க்கவேண்டிய விஷயம், ரோஷத்தில் முடிவெடுப்பதல்ல. அங்கே ஒரு குடும்ப வக்கீலிடம் ஒருமுறையாவது காணொளியில் பேசிவிட்டுப் பதில் அனுப்புங்கள்.

டொமிசில் நிஜமாகவே வேலை செய்யும் இடம் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. ஒருவர் உயில் இல்லாமல் இறந்தால் அவருடைய வங்கிப் பணம் போன்ற அசையும் சொத்து, அவர் டொமிசில் நாட்டுச் சட்டப்படி போகும். அசையாச் சொத்து, அது இருக்கும் நாட்டுச் சட்டப்படி. உங்கள் கணவர் (நீண்ட ஆயுளோடு இருக்கட்டும்) இந்திய டொமிசிலோடு போய்ச் சேர்ந்தால், லெஸ்டர் வங்கிப் பணத்தில் மனைவி என்ற முறையில் உங்கள் பங்கு எட்டில் ஒன்று. அவர் பெருமை அடிக்கிற அந்த பிரிட்டிஷ் டொமிசிலோடு போனால், ஆங்கிலச் சட்டப்படி முதல் 3,22,000 பவுண்டும் மீதியில் பாதியும் மனைவிக்கு! சுந்தராபுரம் மனையில் மட்டும் இரண்டு நிலையிலும் எட்டில் ஒன்றுதான்.

மகள்

சின்னப் பிள்ளையின் டொமிசில் பொதுவாகத் தகப்பனோடு போகும் என்பது உண்மை. ஆனால் பிள்ளை யாரிடம் வளரவேண்டும் என்பதை டொமிசில் தீர்மானிப்பதில்லை. 1890-ம் ஆண்டின் காப்பாளர் சட்டப்படி, பிள்ளை வழக்கமாக வசிக்கும் ஊரின் நீதிமன்றத்துக்குத்தான் அதிகாரம். 2021 முதல் அவள் இங்கேதான் இருக்கிறாள், இங்கேதான் படிக்கிறாள். ஹனஃபி என்ற மார்க்கச் சட்ட மரபின்படி பெண் பிள்ளை பருவமடையும்வரை தாயிடம் இருக்கும் உரிமை உண்டு. அந்த வயது நெருங்குகிறதே என்று கலங்க வேண்டாம், நீதிமன்றம் கடைசியில் பார்ப்பது பிள்ளையின் நலன், விவரம் தெரிந்த பிள்ளை என்றால் அவளுடைய விருப்பமும். அவள் பாஸ்போர்ட் உங்கள் பீரோவில் இருக்கட்டும். அப்பாவோடு வீடியோவில் பேசுவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். அது அவளுக்கும் நல்லது, வழக்குக்கும் நல்லது.

தோப்பில் உங்கள் 70 சென்ட்

அண்ணன்மார் சொல்லும் மூன்று காரணமும் தப்பு. நீங்கள் லெஸ்டரில் மூன்று வருடம் இருந்ததற்கும் பொள்ளாச்சித் தோப்புக்கும் சம்பந்தமே இல்லை. நிலம் இங்கே இருக்கிறது, அத்தா முஸ்லிம், நீங்களும் முஸ்லிம், முடிந்தது. விவசாய நிலத்துக்கு ஷரீஅத் பொருந்தாது என்பது 1937-ன் மூலச் சட்டத்தில் இருந்த விலக்கு. நம் மாகாணத்தில் அதை 1949-ன் சென்னைத் திருத்தச் சட்டம் எடுத்துவிட்டது. எழுபது வருடத்துக்கு மேலாகியும் கொங்கு நாட்டில் பாகப்பிரிவினைப் பேச்சில் இந்தப் பழைய கதை மட்டும் சாகவில்லை. கல்யாணத்துக்குப் போட்ட 40 பவுன் அன்பளிப்பு. அதை வாரிசுப் பங்கில் கழிக்கச் சட்டம் சொல்லவில்லை.

பக்கத்து வீட்டு அக்கா நல்ல மனதோடுதான் சொல்லியிருக்கிறார், ஆனால் 1989-ன் தமிழ்நாட்டுத் திருத்தம் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கானது. உங்களுக்குப் பொருந்தாது. உங்கள் கணக்கு இது: மையத்துச் செலவும் (இறுதிச் சடங்குச் செலவு) கடனும் போக, அம்மாவுக்கு எட்டில் ஒன்று. மீதியில் ஆணுக்கு இரண்டு பங்கு, பெண்ணுக்கு ஒன்று. நாலு ஏக்கர் என்பது 400 சென்ட். அம்மாவுக்கு 50, அண்ணன்கள் ஒவ்வொருவருக்கும் 140, உங்களுக்கு 70. களத்துக்கும் வீட்டுக்கும் வங்கியில் இருப்பதற்கும் இதே விகிதம்தான். அத்தா உயிரோடு இருக்கும்போதே தோப்பை ஹிபாவாக (தானமாக) கொடுத்துவிட்டார் என்று அவர்கள் கிளப்பினால், கொடுப்பதாகச் சொன்னது, வாங்கியவர் ஏற்றது, சுவாதீனம் கைமாறியது மூன்றையும் அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும். பத்திரம் பதிவாகவில்லை என்பதை மட்டும் வைத்து அதை உடைக்க முடியாது, அதனால் 2023 வரை தேங்காய் போட்ட கணக்கு யார் கையில் இருந்தது என்று நினைவுபடுத்தி எழுதி வையுங்கள். விடுதலைப் பத்திரம் என்று எதையாவது நீட்டினால், 'அம்மா மருத்துவச் செலவுக்கு' என்று சொல்லி நீட்டினாலும், படிக்காமல் கையெழுத்து வேண்டாம்.

ஆனால் அண்ணன்மார் மேல் இந்த மாதமே பாகப்பிரிவினை வழக்குப் போட நான் சொல்லமாட்டேன். கணவரோடு நடக்கப்போகும் வழக்கில் உங்களுக்குச் சாட்சியாக வரவேண்டியவர்கள் அவர்கள். சமரசம் பேச யாரும் கூப்பிடவில்லை என்று கூண்டில் ஏறிச் சொல்லவேண்டியவரே பெரிய அண்ணன்தான். பங்கை விட்டுக்கொடுக்கவில்லை என்று ஒரு கடிதம் மட்டும் பதிவுத் தபாலில் அனுப்பி, பட்டா மாறுதலுக்கு ஆட்சேபணை மனு ஒன்றை தாசில்தார் அலுவலகத்தில் கொடுத்து வையுங்கள்.

வக்கீலைப் பார்க்கப் போகும்போது நிக்காஹ் தப்தரின் நகல், மூன்று மின்னஞ்சலும் தேதி தெரியும்படி அச்செடுத்தது, அந்த 'ஊருக்கே வந்துடலாம்' வாட்ஸாப், மனையின் ஈசி, கடைசியாகப் பணம் வந்த மாதத்தின் பாஸ்புக் பக்கம், அத்தாவின் வாரிசுச் சான்று ஆகியவற்றை எடுத்துப் போங்கள். லேமினேட் செய்த அந்தச் சான்றிதழையும் வேண்டுமானால் கொண்டுபோங்கள், உங்கள் முகவரிக்கு ஆதாரமாக மனுவோடு சேர்த்துக்கொள்வார்கள்.